அழகின் விலையைச் செலுத்துபவர் யார்?

மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த அன்றே காயல்பட்டினத்தில் மற்றொரு பேச்சும் தொடங்கிவிடுகிறது. அது வீட்டைப் பற்றிய பேச்சு. எங்கள் ஊர் வழக்கப்படி, மணமான பின் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். வீடும் பெண்மக்களுக்கே போய்ச் சேருகிறது. ஆகவே நிக்காஹ் நாள் குறிக்கப்பட்டதும் கொத்தனாரும் தச்சரும் பெயிண்டரும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். எந்தத் தரை, எந்த வண்ணம், எந்தத் திரைச்சீலை என்ற கேள்விகள் இஷாவுக்குப் பின்னும் நீளுகின்றன. சென்ற ஆண்டு அந்த முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த ஆறு மாதங்களில் நாங்கள் எண்ணிப் பார்த்தவற்றையும், முடிவுகளுக்கு வந்த விதத்தையும் இங்கே எழுதுகிறோம். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு இதில் ஒன்றிரண்டு செய்திகளாவது பயன்பட்டால் மகிழ்ச்சி.

மணமகளாகவிருந்த எங்கள் மூத்த மகள் அழகை விரும்பினாள். அது இயல்பானதே. தான் வாழப்போகும் வீடு கண்ணுக்கு இனிதாக இருக்க வேண்டுமென்று எந்தப் பெண்தான் விரும்பமாட்டாள்? செலவுக் கணக்கை எழுதும் பொறுப்பிலிருந்த நாங்களோ உறுதி, பராமரிப்பு, விலை ஆகியவற்றையே பேசிக்கொண்டிருந்தோம். எழுபத்தெட்டு வயதான எங்கள் உம்மா இருபக்கமும் சேராமல், எல்லாவற்றையும் கேட்டபடி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தகைய விவாதங்களில் மார்க்கத்தைத் தத்தம் பக்கம் இழுத்துக்கொள்வது எளிது. அல்லாஹ் அழகை விரும்புகிறான் என்ற நபிமொழியை ஒருவர் எடுத்துக்காட்டுவார். வீண்விரயம் கூடாது என்ற இறைவசனத்தை மற்றொருவர் நினைவூட்டுவார். இரண்டும் உண்மையே. ஆனால் அந்நஹ்ல் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் முதல் எட்டாம் வசனம் வரை சேர்த்து ஓதிப் பார்க்கும்போது, அழகும் பயனும் எதிரெதிர் அணிகளாக அங்கே நிற்கவில்லை என்பது விளங்குகிறது. கால்நடைகளில் கிடைக்கும் கதகதப்பையும் உணவையும் இதர பயன்களையும் கூறிய கையோடு, மாலையில் அவற்றை ஓட்டி வரும்போதும் காலையில் மேய்ச்சலுக்கு விடும்போதும் அவற்றிலிருக்கும் அழகையும் இறைவன் சுட்டிக்காட்டுகிறான். குதிரையும் கோவேறு கழுதையும் கழுதையும் ஏறிச் செல்வதற்கும் அலங்காரத்திற்கும் படைக்கப்பட்டவை என்று தொடர்கிறான். ஒரே அருட்கொடைக்குள் பயனும் இருக்கிறது, அழகும் இருக்கிறது.

மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியின் வரலாறும் இதையே வேறொரு கோணத்தில் சொல்கிறது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அது பச்சைச் செங்கல் சுவரும் பேரீச்சை ஓலைக் கூரையும் பேரீச்சந் தண்டுத் தூண்களும் கொண்டிருந்தது. அதனை விரிவுபடுத்திய உமர் (ரலி) அவர்கள், மக்களை மழையிலிருந்து காப்பதே நோக்கம் என்றும், சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்களின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது என்றும் கட்டுவோருக்கு அறிவுறுத்தினார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் சுவரெழுப்பி, தேக்கு மரத்தால் கூரையமைத்தார்கள். தேக்கு அரபு மண்ணில் வளரும் மரமன்று. கடல் கடந்து வந்த மரம். இரு கலீஃபாக்களில் ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று சொல்லும் துணிவு நமக்கு எவருக்கும் இல்லை. ஆக, 'அழகா, பயனா?' என்று கேட்டால் தெளிவான விடை கிடைக்காது. கேள்வியையே மாற்ற வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது புரிந்தது.

மாற்றிய கேள்வி முதலில் தரையிலிருந்து எழுந்தது.

எங்கள் கூடத்தில் நாற்பது ஆண்டுப் பழமையான சிவப்பு ஆக்ஸைடு தரை இருந்தது. சிமெண்டுடன் சிவப்பு நிறப்பொடி கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய தரை. ஒரு மூலையில் வெடித்திருந்தது. வெடிப்பை அடைத்தால் புதிய சிவப்பு பழைய சிவப்போடு ஒருபோதும் ஒட்டாது என்பதைப் பழைய வீட்டுக்காரர்கள் அறிவார்கள். மகள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பால்போல் வெள்ளை, கண்ணாடிபோல் பளபளப்பு. கூரையிலிருக்கும் விளக்கு தரையிலும் எரிந்தது. "வாப்பா, வீடே பெருசாத் தெரியும் பாருங்க" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. வெளிர்நிறமும் பளபளப்பும் ஒளியைத் திருப்பியனுப்புவதால் சிறிய கூடமும் விசாலமாகவே தெரியும்.

உம்மா அன்றுதான் முதன்முறையாக வாய்திறந்தார்கள். "நான் ஒளூ செஞ்சிட்டு வர்ற வழியாச்சே அது" என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த ஒரு வாக்கியம் எங்களைக் கணக்குப் போட வைத்தது. வீட்டில் ஆறு பேர். ஐவேளைத் தொழுகை. ஒவ்வொரு வேளையும் கால் கழுவிய ஈரத்தோடு குளியலறையிலிருந்து தொழும் அறைவரை கூடத்தைக் கடந்தாக வேண்டும். நாளொன்றுக்கு முப்பது முறை ஈரப் பாதங்கள் அந்தத் தரையில் படும். அவற்றுள் ஐந்து முறை எழுபத்தெட்டு வயதுப் பாதங்கள். அதிலும் ஒரு முறை ஃபஜ்ருக்கு முன்னான அரையிருட்டில். விட்ரிஃபைடு ஓடுகள் தங்கள் எடையில் அரை விழுக்காட்டு நீரைக்கூட உறிஞ்சுவதில்லை. கறைபடாத தன்மைக்குக் காரணமும் அதுதான். சிந்திய நீர் மேலேயே ஏடுபோல் நிற்பதற்குக் காரணமும் அதுதான். பளபளப்பான மேற்பரப்பில் அந்த நீரேட்டின்மேல் பாதம் பட்டால் பிடிமானம் இருக்காது. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கின்றனர் என்றும், அறுபது வயதைக் கடந்தோரே அவர்களுள் மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர் பழைய நடைக்குத் திரும்புவது எவ்வளவு அரிது என்பதற்குப் புள்ளிவிவரம்கூட வேண்டாம். நம் தெருவிலேயே சான்றுகள் இருக்கும்.

எங்கள் வீட்டில் துப்புரவு வேலைக்கு வரும் பெண்ணிடமும் மகள் அந்தப் படத்தைக் காட்டினாள். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்குக்கா. ஆனா வெள்ளத் தரையில ஒரு முடி விழுந்தாலும் தெரியும். நாளைக்கு எத்தன தடவ துடைக்கச் சொல்லுவீங்க?" என்று கேட்டார். மகளிடம் அதற்குப் பதிலில்லை.

அன்றிரவு எங்களுக்குத் தோன்றியது இதுதான்: அழகுக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று கடையில் கொடுப்பது. அது ஒரு முறையோடு முடிந்துவிடும். மற்றொன்று அன்றாடம் கொடுப்பது. அது குனியும் முதுகிலும், தயங்கும் காலிலும், பயந்து எடுத்துவைக்கும் அடியிலும் செலுத்தப்படுவது. முதல் விலையைப் பற்றி வீட்டில் ஊரெல்லாம் கேட்கப் பேசுகிறோம். இரண்டாவது விலையை யார் செலுத்துகிறார் என்று கேட்பதே இல்லை. பெரும்பாலும், தேர்ந்தெடுப்பவர் ஒருவர், செலுத்துபவர் வேறொருவர்.

அதன்பின் ஒவ்வொரு முடிவிலும் இந்தக் கேள்வியையே கேட்டோம். கூடத்திற்கு மணல் நிறத்தில், மினுக்கமில்லாத சொரசொரப்பான ஓடுகளைத் தேர்ந்தெடுத்தோம். வாங்கச் செல்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்வது நல்லது: ஓடுகளின் வழுக்காத தன்மையை ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம்பிரிக்கும் அளவுகோல் ஒன்று உண்டு, எண் உயர உயரப் பிடிமானமும் உயரும். கடைக்காரர் தாமாகச் சொல்லாவிட்டாலும் கேட்டு வாங்கலாம். மாதிரி ஓட்டின்மேல் சிறிது நீரூற்றி, வெறுங்காலால் மிதித்துப் பார்ப்பது அதைவிட எளிய சோதனை. உம்மாவின் அறையில் மட்டும் பழைய சிவப்புத் தரையை அப்படியே விட்டோம். அதன் ஒவ்வொரு மேடுபள்ளமும் அவர்களின் பாதத்திற்குத் தெரியும்.

மகளின் அழகுணர்வை ஒதுக்கிவிட்டோமா என்றால், இல்லை. ஈரம்படாத முன்திண்ணைக்கு அவள் விருப்பப்படி ஆத்தங்குடி ஓடுகளை வரவழைத்தோம். செட்டிநாட்டில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையாலேயே ஊற்றிப் பூவேலை செய்து, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே இறுகச் செய்யும் ஓடுகள் அவை. மிதிக்க மிதிக்க மெருகேறும் என்பது அவற்றின் சிறப்பு. எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் பட்டால் கறைபிடிக்கும் என்பது அவற்றின் குறை. ஆதலால்தான் அடுக்களைக்கு வேண்டாமென்று திண்ணைக்கு வைத்தோம். அழகுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் எது என்று கண்டறிவதுதான் வேலை.

அடுத்த விவாதம் கூடத்து இருக்கைகளைப் பற்றியது. சுவரின் இருபுறமும் மடங்கிச் செல்லும் ஏழுபேர் சோபாவை மகள்கள் இருவரும் விரும்பினர். நாங்கள் நாடாவை எடுத்துக் கூடத்தை அளந்தோம். பதினெட்டடிக்குப் பன்னிரண்டடி. விருந்துநாளில் இருவர் மூவராகச் சூழ்ந்தமர்ந்து உண்ண எட்டு சஹன்கள் வைக்கலாம். சோபா வந்தால் ஐந்துக்குமேல் இடமில்லை. ரமழானில் வீட்டுப் பெண்கள் இரண்டு வரிசையாக நின்று தொழும் இடமும் அதுவே. எங்கள் வாப்பாவின் மய்யித்தைக் கிடத்தியதும் அங்கேதான். நம் வீடுகளின் கூடம் வெற்றிடமாகத் தோன்றுவது வறுமையால் அன்று. விருந்துக்கும் தொழுகைக்கும் துக்கத்திற்கும் இடம் வேண்டும் என்பதற்காக முன்னோர் அதனை அவ்வாறு விட்டுவைத்தார்கள். அசைக்க முடியாத பொருள் ஒன்றை அங்கே வைப்பது, வரவிருக்கும் விருந்தினர் சிலரின் இடத்தை இப்போதே எடுத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

அதேவேளையில், 'தரையில் உட்காருங்கள், அதுவே எளிமை' என்று சொல்லிவிடுவதும் நியாயமாகாது. மூட்டுவலியுள்ளவருக்குத் தரை ஒரு தண்டனை. தாழ்வான, உள்ளே அமிழும் சோபாவும் அவர்களுக்கு ஏறத்தாழ அதே தண்டனைதான். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். ஆகவே, உயரமான, உறுதியான கைப்பிடியுள்ள நாற்காலிகள் நான்கு வாங்கினோம். இடித்த பகுதியில் கிடைத்த பழைய தேக்குக் கதவுப் பலகைகளை வீணாக்காமல், சாய்மானமுள்ள இரண்டு நீள பெஞ்சுகளாகத் தச்சர் செய்து கொடுத்தார். பெஞ்சுக்குள் ஜமுக்காளங்களும் தலையணைகளும் வைக்கலாம். விருந்தன்று இருவர் தூக்கி வெளியே வைத்துவிடலாம். கடற்காற்றில் துருவேறும் இரும்புக் கால்கள் அவற்றுக்கு இல்லை. நூறாண்டு கண்ட மரத்தின் கருமை படர்ந்த நிறத்தைப் பார்த்த இளையவள், "கடையில இந்தக் கலர் கிடைக்காதே!" என்று வியந்தாள்.

தொழும் அறையின் கிப்லாச் சுவரைப் பற்றியும் பேச்சு வந்தது. நம் ஊர்களிலிருந்து கிப்லா மேற்கே, சற்று வடக்காக அமைகிறது. அந்தச் சுவரில் பூவேலைச் சுவர்த்தாள் ஒட்டி, நடுவே பொன்னெழுத்தில் ஆயத்துல் குர்ஸி மாட்ட வேண்டுமென்று ஓர் உறவினர் யோசனை கூறினார். இங்கே எங்களுக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டு நிகழ்ச்சிகள் நினைவுக்கு வந்தன. உருவங்கள் பொறித்த திரைச்சீலை ஒன்று தொழுகையில் கண்முன் வந்துகொண்டேயிருக்கிறது என்று கூறி அதனை அகற்றும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் உள்ளது. மற்றோர் அறிவிப்பில், அவ்வாறு அகற்றிய துணியை ஆயிஷா (ரலி) அவர்கள் வெட்டித் தலையணைகளாக ஆக்கிக்கொண்டார்கள் என்றும் வருகிறது. துணி வீணாகவில்லை. கவனத்தைக் கவர்ந்த இடத்திலிருந்து இறங்கி, சாய்ந்து இளைப்பாறும் இடத்துக்கு வந்தது. வீட்டு அலங்காரம் பற்றி இதைவிடத் தெளிவான பாடத்தை நாங்கள் எங்கும் கண்டதில்லை. அந்தச் சுவரை வெறும் வெள்ளையாகவே விட்டுவிட்டோம். மாலை வெயில் வெளிப்புறம் தாக்கும் மேற்குச் சுவரில், கடலோர ஈரப்பதத்தில், சுவர்த்தாள் நீண்டநாள் ஒட்டிநிற்காது என்பது கொத்தனார் சொன்ன கூடுதல் காரணம்.

பின்னர் காட்சிப் பேழை. இலங்கை வணிகத்தில் இருந்த முன்னோர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பீங்கான் கோப்பைகள் முப்பத்தாறு அதில் இருந்தன. ஓரத்தில் மெல்லிய பொற்கோடு. எங்கள் நினைவில் எவரும் அவற்றில் தேநீர் அருந்தியதில்லை. பெருநாளுக்கு முன்பு அவற்றை இறக்கி, கழுவி, துடைத்து, மீண்டும் ஏற்றும் வேலை மட்டும் தலைமுறைதோறும் பெண்களிடம் வந்து சேர்ந்தது. பேழைக்குப் புதிதாக விளக்குப் பொருத்தலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது உம்மா குறுக்கிட்டார்கள். "விளக்கு எதுக்கு? எடுத்துக் கழுவி வைங்க. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு இதுல சாயா குடுக்கலாம்" என்றார்கள். திருமண வாரத்தில் அவ்வாறே கொடுத்தோம். கைக்கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்ந்த முதியவர்கள் பலர். இரண்டு கோப்பைகள் உடைந்தன. உடைத்த சிறுவன் அழத் தொடங்கியபோது, "கோப்பைதானே, உன் கையில வெட்டலையே வாப்பா" என்று உம்மா அவனை அணைத்துக்கொண்டார்கள். உடைந்துவிடும் என்று அஞ்சி ஒளித்துவைத்த காலம் முழுவதும் கிடைக்காத மதிப்பு, உடையக்கூடும் என்று தெரிந்தே பயன்படுத்திய அந்த வாரத்தில் அவற்றுக்குக் கிடைத்தது.

இவ்வளவையும் கேட்பவர்கள், உம்மாவைப் பயன்பாட்டின் பக்கம் நிற்பவர் என்று எண்ணக்கூடும். நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம், முற்றத்துப் பிச்சிக்கொடியின் பேச்சு வரும்வரை.

அந்தக் கொடி அடைமழையில் இலையுதிர்க்கும். உதிர்ந்த இலைகள் தண்ணீர் போகும் துளையை அடைக்கும். காலையில் முற்றம் முழுவதும் வாடிய பூக்கள் கிடக்கும். அதனை வெட்டிவிட்டு முற்றத்துக்குமேல் பிளாஸ்டிக் தகடு வேய்ந்தால் மழையும் வராது, குப்பையும் சேராது, துணி காயப்போட இடமும் கிடைக்கும் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம். செலவும் குறைவு. உம்மா மட்டும் மறுத்தார்கள். "நான் கூட்டுறேன். ஒங்களுக்கு என்ன?" என்றார்கள். எந்தப் பயனும் இல்லாத அந்தக் கொடிக்காக அன்றுவரை தினமும் குனிந்து கூட்டியவர்கள் அவர்களேதான். மக்ரிபுக்குப் பின் அதன் மணம் வீட்டுக்குள் வரும்போது, அவர்கள் திண்ணையை விட்டு எழுந்திருப்பதில்லை.

எங்கள் கேள்விக்கு இங்கே ஒரு நுட்பமான விடை கிடைத்தது. உழைப்பைக் கேட்கும் அழகெல்லாம் தீயதன்று. அந்த உழைப்பை யார் விரும்பி ஏற்கிறார் என்பதே அளவுகோல். தான் நேசிக்கும் ஒன்றுக்காகத் தானே குனிபவருக்கு அது பாரமன்று. வேறொருவர் நேசிப்பதற்காகக் குனிய நேர்பவருக்கே அது பாரம். இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'அவள் விரும்பித்தான் செய்கிறாள்' என்று நம் வீட்டுப் பெண்களின் உழைப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். விரும்புகிறாளா என்று அவளிடமே கேட்டறிந்த பின்னரே அதனைச் சொல்ல வேண்டும். கொடி இருக்கிறது; தகடு வரவில்லை. தண்ணீர்த் துளைக்கு மட்டும் ஒரு கம்பிவலை பொருத்தினோம். இப்போது வாரத்தில் இரு நாள் இளையவள் கூட்டுகிறாள்.

கடைசியாக, பணம். பொருட்களைத் தவணையில் எடுத்துக்கொள்ளலாம் என்று கடைகளில் வற்புறுத்தினார்கள். அந்தத் தவணையில் வட்டி கலந்திருந்தது. ஹராமான வட்டியின்மேல் நிற்கும் கட்டிலில் புது வாழ்வைத் தொடங்கச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. கையிலிருந்த சேமிப்புக்குள் முடிந்ததைச் செய்தோம்; மேல்மாடி அறை இன்னும் பூசப்படாமலேயே இருக்கிறது. தனக்கொரு படுக்கை, மனைவிக்கொரு படுக்கை, விருந்தினருக்கொரு படுக்கை, அதற்கு மேற்பட்டது ஷைத்தானுக்குரியது என்ற கருத்தில் வரும் நபிமொழியில், விருந்தினரின் படுக்கை தேவையின் கணக்கிலேயே வருவதை அப்போது கவனித்தோம். எளிமை என்பது வருபவருக்கு இடமில்லாமல் சுருங்குவதன்று.

இன்னொரு கணக்கும் உண்டு. அது நம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஒரு தெருவில் ஒரு கல்யாண வீடு எவ்வளவு மினுங்குகிறதோ, அடுத்த கல்யாண வீட்டின் மேல் அவ்வளவு பாரம் ஏறுகிறது. மூன்று பெண்மக்களை வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் சம்பளத்துக்கு உழைக்கும் தந்தை, நம் வீட்டுக் கூரை விளக்குகளை அண்ணாந்து பார்க்கும்போது வியப்பதில்லை. கூட்டிக் கழித்துப் பார்க்கிறார். நாம் தேர்ந்தெடுத்த அழகின் விலையை, நமக்குத் தெரியாமலே, அவரும் செலுத்தத் தொடங்கிவிடுகிறார். வீடு பெண்ணுக்குப் போய்ச் சேரும் ஊரில் இது சிறிய செய்தியன்று.

எனவே, வீட்டை அழகுபடுத்தத் திட்டமிடும் சகோதர சகோதரிகளுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. அழகைக் கைவிடாதீர்கள், அது இறைவன் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அருள். ஆனால் ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவருமுன், அதைத் துடைக்கப்போகிறவரை அழைத்துக் காட்டுங்கள். அதன்மேல் நடக்கப்போகும் முதியவரை நடக்கச் சொல்லிப் பாருங்கள். அதனருகே உட்காரப்போகும் எளிய விருந்தினர் தயங்குவாரா என்று எண்ணிப் பாருங்கள். இந்த மூவரும் முகம் மலர்ந்தால், அது அழகானதுதான், தாராளமாக வாங்குங்கள்.

நம் இல்லங்களை மன அமைதிக்குரிய இடங்களாக அல்லாஹ் ஆக்குவானாக. அவற்றின் அழகு எவர்மீதும் சுமையாக விழாதிருக்க அவனே அருள்புரிவானாக. ஆமீன்.